சோம்பல் வளைவின் சேறு

மே 11, திங்கள்

இன்று முதல் நான் ஆற்று ஆய்வுக் குழுவின் படகோட்டி. தாளில்தான் படகோட்டி என்று போட்டிருக்கிறார்கள். நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு ஆற்றின் தலை எது வால் எது என்றே தெரியாது, ஆகவே நடைமுறையில் நானே தலைவன். ஆரஞ்சு நிற மேலங்கி கொடுத்தார்கள். கழுத்தில் தொங்க என் படமும் அம்ப்ரோஸ் கோவால் என்று பெயரும் போட்ட அட்டை. படத்தில் செனட்டர் மாதிரி இருக்கிறேன்.

குழுவை நடத்துகிறவன் கிர்பி. என் வயதில் பாதி. ஆறு பழக்கமா என்று கேட்டான். நான் பிறந்ததே படகில்தான் என்றேன். பிறந்தது ஆஸ்பத்திரியில்தான். ஆனால் அந்த வருஷம் பெரிய வெள்ளம், அம்மாவைப் படகில்தானே கொண்டு போயிருப்பார்கள்? வழியில் பிறந்திருந்தால் படகில்தான் பிறந்திருப்பேன். இதில் பொய் எங்கே இருக்கிறது?

வேலை இதுதான். பழைய காகித மில் பல வருஷம் நகல் தாள்களைக் கரைத்துக் கூழாக்கியது. அந்தத் தாளில் பிசிபி என்று எண்ணெய் மாதிரி ஒரு ரசாயனம். அதெல்லாம் கழிவு நீரோடு ஆற்றுக்கு வந்து சேற்றில் உட்கார்ந்துவிட்டது. மில் மூடிக் காலமாகிறது, ஆனால் அதன் கம்பெனி வேறு ஊரில் செழிப்பாக இருக்கிறது. மில் வாசலில் இருக்கிற சேற்றை அவர்கள் தோண்டி அள்ள வேண்டும் என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. இப்போது கீழ்ப்பக்கம். சேற்றை எடுத்துச் சோதிப்பார்கள். பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் அந்த எண்ணெய் இருந்தால் அங்கேயும் அள்ள வேண்டும். ஒன்றுக்குக் கீழே என்றால் அப்படியே கிடக்கும்.

கீழ்ப்பக்கத்தில்தான் சோம்பல் வளைவு. தண்ணீர் அங்கே வந்ததும் வேலை முடிந்தவன் மாதிரி சுற்றிச் சுற்றி நிற்கும். வளைவில்தான் என் அக்கா வெர்னாவின் வீடு. தெருவே அங்கே தூண்டில் போடுகிறது, பிள்ளைகள் அந்தச் சேற்றில்தான் கோடை முழுக்கப் புரள்கிறார்கள்.

அக்காவிடம் சொல்லிவிட்டேன்: “நான் இருக்கேன்ல. உன் வாசல் சேத்த ஒரு கரண்டி விடாம அள்ள வெக்கிறேன்.”

அக்கா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “அங்கி கழட்டிட்டு உக்காரு அம்ப்ரோஸ். எண்ணெ தெறிக்கும்” என்றாள்.

மே 15

இன்று ஒரே கையால் படகை ஓட்டி மறு கையால் சாண்ட்விச் தின்றேன். கிர்பி வாயைப் பிளந்தான். என்னைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுகிறான்.

ஜூன் 2

சேறு எடுப்பது சும்மா இல்லை. ஆளுயரக் குழாயைத் தண்ணீருக்குள் இறக்கி, அடியில் குத்தி, மேலே மூடியை அடைத்துத் தூக்க வேண்டும். உறிஞ்சு குழலை விரலால் அடைத்துத் தூக்கினால் சோடா உள்ளேயே நிற்குமே, அதே தந்திரம்தான். மேலே வந்தால் ஆற்றின் வயது முழுக்கக் குழாய்க்குள் அடுக்கடுக்காய் நிற்கும். பழுப்பு, சாம்பல், கறுப்பு.

கைக்கு நீல உறை. சிகரெட் கூடாது. மோட்டார் புகை பக்கம் ஜாடியைத் திறக்கக் கூடாது. வெயிலுக்குப் பூசுகிற களிம்புகூடக் கூடாதாம், அந்த எண்ணெயும் சோதனையில் வந்துவிடுமாம். மூக்கு உரிந்துவிட்டது. நாட்டுக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

கலக்குகிற வேலையையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு பகுதியிலும் பத்து இடத்தில் குழாய் இறக்குவார்கள். பத்தையும் ஒரே எவர்சில்வர் பேசினில் கொட்டி, நிறம் ஒன்றாகும்வரை கரண்டியால் கலக்கி, அதிலிருந்து ஒரு ஜாடி நிரப்பி அனுப்புவார்கள். பத்துச் சோதனைக்கு ஆகிற செலவு ஒன்றில் முடிந்துவிடும். திட்டத்திலேயே அப்படித்தான், மாநில அரசு பார்த்துச் சரி சொன்னதுதான் என்றான் கிர்பி.

என்னை மாதிரிக் கலக்க இந்த மிச்சிகனிலேயே ஆள் கிடையாது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான், ஆனால் மணிக்கட்டுக்குப் பட்டம் தேவையில்லை.

ஜூன் 19, வெள்ளி

இன்றைய தினத்தைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.

சோம்பல் வளைவுக்குப் போனோம். முதல் புள்ளி வெர்னாவின் படித்துறைக்கு எதிரே. குழாய் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. தூக்கினால் ஒரே கறுப்பு. மேலிருந்து கீழ்வரை தார். வழிந்த சொட்டு தண்ணீரில் விழுந்து வானவில் மாதிரி விரிந்தது. பழைய கார் கொட்டகை நாற்றம். கூட வந்த பையன்கள் இரண்டு அடி பின்னால் போனார்கள். நான் போகவில்லை.

“கெடச்சிடுச்சு” என்றேன். அக்கா கரையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக் குழாயை உயர்த்திக் காட்டினேன், கோப்பை வாங்கினவன் மாதிரி.

அடுத்த புள்ளிக்குப் போகும்போது மோட்டாரின் விசிறி பாசியில் சிக்கிக்கொண்டது. அதற்கடுத்ததில் அடிமரக்கட்டைகள். வளைவுக்குள் ஆழமே இல்லை. கிர்பி வரைபடத்தை மடியில் போட்டுக்கொண்டு யோசித்தான். படகு போகாத இடத்தில் புள்ளியைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ள விதியில் இடம் இருக்கிறதாம். வளைவுக்கு வெளியே நடு ஆற்றின் ஓட்டத்தில் என்றால் ஆழம் இருக்கிறது, ஆனால் வேகம்.

“போன வருஷம் வந்த ஆளால அங்க படக நிறுத்தவே முடியல கேப்டன். உங்களால முடியுமா?”

என்னிடமா கேட்பது! நங்கூரம் ஒன்று முன்னால், ஒன்று பின்னால், மோட்டாரை எதிர்த்துப் பிடித்து, படகை ஆணி அடித்த மாதிரி நிறுத்தினேன். தண்ணீர் இரண்டு பக்கமும் சிங்கம் மாதிரி உறுமியது. மணிக்கு நாற்பது மைல் இருக்கும், குறைத்துச் சொல்கிறேன். ஒன்பது குழாயும் அங்கேயே எடுத்தோம். கிர்பி என் தோளில் தட்டினான். இந்த ஆற்றில் இதுவரை எவனும் செய்யாதது இது.

பிறகு பத்தையும் பேசினில் கொட்டிக் கலக்கினேன். ஒன்பதும் மஞ்சளாய் மணலும் பொடிக்கல்லுமாய் இருந்தது, ஒன்று மட்டும் கறுப்பு. அது கரைய நேரம் பிடித்தது. விடவில்லை. கடைசியில் எல்லாம் ஒரே நிறம், இளம் சாம்பல். எது எங்கிருந்து வந்தது என்று கடவுள் வந்தாலும் சொல்ல முடியாது.

ஜூன் 20

இரண்டு தடவை குளித்தும் கையில் அந்த நாற்றம்.

ஜூலை 8

ஜாடிகள் இருக்கிற ஐஸ் பெட்டியை நானே ஆய்வகத்துக்கு ஓட்டிப் போய்க் கொடுத்தேன். வாசலோடு திரும்புவது என் வழக்கமா? உள்ளே போய்ப் பார்த்தேன்.

சோதிக்கிற அம்மாள் பெயர் இங்க்ரிட். உயரம், நரைத்த முடி, பேச்சு குறைவு. நான் குழுத் தலைவன் என்று சொன்னதும் மரியாதையாகச் சுற்றிக் காட்டினாள். சேற்றை உலர்த்தி ஒரு காகிதக் குப்பிக்குள் போடுகிறார்கள். கீழே ஒரு திரவம் கொதித்து, ஆவியாகி, மேலே குளிர்ந்து, சேற்றின் மேல் சொட்டி, நிரம்பி, மறுபடி கீழே வழிகிறது. நாள் முழுக்க இதே சுற்று. காபி வடிகட்டி மாதிரி என்றேன். கிட்டத்தட்ட அதேதான் என்று ஒப்புக்கொண்டாள். சேற்றுக்குள் ஒளிந்திருக்கிற எண்ணெயெல்லாம் அந்தத் திரவத்துக்கு வந்துவிடும். அதில் கந்தகமும் சேர்ந்து வந்து கெடுக்குமாம், அதைப் பிடிக்கச் செம்புத் தூள் போடுகிறார்கள். பளபளவென்று போட்டது கண் முன்னால் கறுத்துப் போகிறது. பிறகு ஒரு துளியை ஊசியால் ஒரு பெட்டிக்குள் ஏற்றுகிறாள். உள்ளே தலைமயிர் மாதிரிக் குழாய் சுருண்டு கிடக்கிறதாம், நீட்டினால் ஒரு தெரு நீளம். ஒவ்வொரு ரசாயனமும் தன் வேகத்தில் ஓடி மறு முனைக்கு வரும். வந்ததும் திரையில் ஒரு மலை எழும்பும். மலை எழும்புகிற நேரம் அது யார் என்று சொல்லும், மலையின் பருமன் எவ்வளவு என்று சொல்லும்.

பெட்டி கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். சரிபார்ப்பதாகச் சொன்னாள்.

திரும்பும்போது அக்கா வீட்டில் நிறுத்தி, உன் வாசல் சேற்றுக்குத் திரையில் இமயமலையே எழும்பும் என்றேன். அவள் சிரித்துவிட்டாள். ரொம்ப நாள் கழித்து.

ஜூலை 30

எண் இன்னும் வரவில்லை. அக்கா கேட்பதை விட்டுவிட்டாள். அது கேட்பதைவிட மோசம்.

ஆகஸ்ட் 21, வெள்ளி

பூஜ்யம் புள்ளி எட்டு.

பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. சோம்பல் வளைவுக்குத் தோண்டுதல் கிடையாது. மேலே பாலத்துப் பகுதிக்கு மூன்று, அங்கே தோண்டுவார்கள். பாலத்தடியில் யார் குடியிருக்கிறான்? புறா குடியிருக்கிறது.

கிர்பி ஃபோனில் சந்தோஷமாகச் சொன்னான், என் அக்கா வீட்டுக்கு நல்ல செய்தியாம். நல்ல செய்தி!

அக்காவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் குழாயை நான் பார்த்தேனே, நீதானே தூக்கிக் காட்டினாய் என்றாள். பத்தையும் சேர்த்துக் கலக்கினோம் அக்கா என்றேன்.

“யாரு கலக்குனது?”

மெஷின் சரியில்லை, நான் அன்றைக்கே சொன்னேன், சாய்ந்திருந்தது என்று ஏதேதோ சொன்னேன். அவள் மடித்த துணியையே திரும்ப மடித்தாள்.

ஆகஸ்ட் 23

மெஷின்தான். வேறென்ன?

ஆகஸ்ட் 27

சண்டை போடவே ஆய்வகத்துக்குப் போனேன். போகிற வழியெல்லாம் வசனம் ஒத்திகை பார்த்தேன். உலகத்திலேயே மோசமான தராசு உன்னுடையதுதான் என்று ஆரம்பிக்க நினைத்தேன்.

இங்க்ரிட் கோபப்படவில்லை. ஜாடி வந்தபோதே பாதிக்கு மேல் மணல் என்று எழுதி வைத்திருந்தாள். வளைவு என்றால் சேறு அல்லவா இருக்க வேண்டும், மணல் எப்படி வந்தது என்று அவள் என்னைக் கேட்டாள். நான் ஓட்டத்தில் படகை நிறுத்திய கதையைச் சொன்னேன். வழக்கம்போல் சிங்கத்தோடு சொன்னேன். முடிக்கும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஓடுகிற தண்ணீரில் மெல்லிய சேறு தங்காதாம். மணலும் கல்லும்தான் தங்கும். இந்த எண்ணெய் மணலில் ஒட்டாது. மக்கின இலை தழை கலந்த கறுப்புச் சேற்றில்தான் போய் ஒட்டும். நின்ற தண்ணீரில் இருக்கிற ஒரு குழாயையும் ஓடுகிற தண்ணீரில் இருக்கிற ஒன்பது குழாயையும் கலந்தால் ஒன்பதும் சேர்ந்து ஒன்றைக் கழுவிவிடும். அதுவும் கறுப்புச் சேற்றை உலர்த்தினால் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாதாம், மணலின் எடை அப்படியே நிற்குமாம்.

அந்த ஒரு குழாய் மட்டும் தனியாக எவ்வளவு இருந்திருக்கும் என்றேன்.

“எனக்கு வர்றது ஒரு ஜாடி, மிஸ்டர் கோவால். ஜாடிக்குள்ள என்ன இருக்கோ அதத்தான் நான் சொல்ல முடியும்.”

மிச்சச் சேறு இருக்குமே, அதிலிருந்து கறுப்பை மட்டும் பிரிக்க முடியாதா?

“ரொம்ப நல்லா கலக்கியிருக்கீங்க” என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் எரிச்சல்.

ஆகஸ்ட் 28

விசிறி சிக்கினால் என்ன? கட்டை இருந்தால் என்ன? என் தட்டைப் படகைக் கொண்டு வந்து துடுப்பு போட்டுப் போயிருக்கலாம். வளைவுக்குள் பத்துப் புள்ளிக்கும் போயிருக்கலாம். அவன் கேட்டது ஒரு கேள்வி. முடியாது என்று ஒரு வார்த்தை. ஏன்டா வாயில் வரவில்லை?

செப்டம்பர் 17, வியாழன்

சர்ச்சின் பாரிஷ் ஹாலில் கூட்டம். மாநில அரசிலிருந்து ஒரு அம்மாள், கிர்பி, கம்பெனியின் வக்கீல் ஒருவர். சுவரில் வரைபடம். பாலத்தடி சிவப்பு, வளைவு பச்சை. தெருவே வந்திருந்தது.

நான் எழுந்து மைக்கைப் பிடித்தேன். உள்ளதைச் சொன்னேன். அந்தக் குழாய் தார் மாதிரி இருந்தது, சொட்டு விழுந்ததும் தண்ணீரில் வானவில் விரிந்தது, நாற்றத்தில் ஆட்கள் பின்வாங்கினார்கள், மற்ற ஒன்பதும் வளைவில் எடுத்ததே இல்லை. ஒரு வார்த்தை கூட்டவில்லை. சத்தியமாகக் கூட்டவில்லை.

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் ரஸ், அக்காவின் பக்கத்து வீட்டுக்காரன், நல்லவன், கெட்ட எண்ணம் இல்லாதவன், “மேடம், அம்ப்ரோஸ் மாமா எது சொன்னாலும் பாதியா வெட்டிக்கோங்க. நாங்க அப்படித்தான் பண்றோம்” என்றான். ஹால் முழுக்கச் சிரிப்பு. எல்லாருக்கும் என் கதைகள் தெரியும். நான் பனிக்கட்டியை உடைத்துக் கரடியைக் காப்பாற்றியது, கவர்னருக்கு மீன் பிடிக்கக் கற்றுக் கொடுத்தது. எத்தனை கல்யாணத்தில் இதே ஹாலில் இதே சிரிப்பு. அப்போது இனித்தது.

கிர்பி பணிவாகவே பேசினான். புள்ளிகளை நகர்த்தியது விதிக்கு உட்பட்டதுதான், கலக்கியது திட்டப்படிதான், கேப்டனின் கதைகள் தனக்கும் பிடிக்கும் என்றான். வக்கீல் எதையும் பேச வேண்டிய அவசியமே வரவில்லை.

அக்கா எழுந்தாள். அவள் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என் தம்பி பொய் சொல்லுவான். எனக்குத் தெரியாததா? ஆனா அந்தக் குழாய நானும் பாத்தேன். இந்த ஒரு தடவ அவன் கொறச்சுத்தான் சொல்றான்.”

யாரும் சிரிக்கவில்லை. மாநில அம்மாள் எதையோ குறித்துக்கொண்டாள். கவனத்தில் எடுத்துக்கொள்வோம் என்றாள். அடுத்தவர் எழுந்து படகுத்துறை எப்போது திறக்கும் என்று கேட்டார்.

செப்டம்பர் 18

ஆரஞ்சு அங்கியைத் திருப்பிக் கொடுத்தேன். அட்டையையும்.

அக்டோபர் 3

என் தட்டைப் படகில் தனியாகப் போனேன். வெர்னாவின் படித்துறைக்கு எதிரே, அதே இடம். பழைய தண்ணீர்க் குழாயை இறக்கினேன். அதே கறுப்பு. வெண்ணெய் வாங்கின பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு இங்க்ரிட்டிடம் கொண்டு போனேன்.

அவள் டப்பாவைத் தொடாமலே பார்த்தாள். பிளாஸ்டிக்கில் கொண்டு வந்தால் பிளாஸ்டிக்கின் ரசாயனமும் சேர்ந்து வரும், முத்திரை இல்லை, யார் எடுத்தது எங்கே எடுத்தது என்று சாட்சிக் கையெழுத்து இல்லை, இதில் என்ன எண் வந்தாலும் எந்த அதிகாரியும் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றாள். தெரியும் என்றேன். அப்புறம் எதற்கு என்றாள்.

“எங்க அக்கா அந்த மீனத் திங்கிறா” என்றேன்.

டப்பாவை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். எடுத்துப் போங்கள் என்று அவள் சொல்லவில்லை.

அக்டோபர் 14

ஆய்வகத்தின் வண்டி நிறுத்துமிடத்துக்கு வரச் சொன்னாள். நடுவிலிருந்து எடுத்தேன், டப்பா படாத சேறு என்றாள். பிளாஸ்டிக்கின் ரசாயனம் வேறு மலை, இது வேறு மலை, குழப்பமே இல்லை என்றாள். பிறகு எண்ணைச் சொன்னாள்.

இருபத்தாறு.

“நான் இதச் சொல்லல. நீங்களும் கேக்கல. வெளிய போனா என் வேல போகும், ஒரு பிரயோஜனமும் இருக்காது.”

தலையாட்டினேன். வாழ்நாள் முழுக்க வாய்க்கு வந்ததையெல்லாம் கடைத்தெருவில் கொட்டினவன். இப்போதுதான் ஒரு உண்மையான பெரிய விஷயம் கையில் இருக்கிறது. எதையும் சேர்க்க வேண்டாம், அப்படியே போதும். ஒருத்தரிடமும் சொல்ல முடியாது. சொன்னாலும் பதின்மூன்று என்றுதான் கேட்பார்கள்.

அக்டோபர் 16

அக்காவிடம் மட்டும் சொன்னேன். இங்க்ரிட் மன்னிக்கட்டும்.

எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தாள். “பாதியா வெட்டுனாலும் பதிமூணு” என்றாள். நான் வெட்டாதே என்றேன். வெட்டல என்றாள்.

சின்ன வயதில் ரஸ்ஸின் பெண்கள் இரண்டு பேரும் அந்தப் படித்துறையில்தான் நீச்சல் பழகினார்கள். நான்தான் பழக்கினேன்.

அக்டோபர் 30

மாநில அரசின் முடிவு வந்துவிட்டது. மாதிரி எடுக்கும் சுற்று முடிந்துவிட்டதாம், முடிவில் மாற்றம் இல்லையாம். சோம்பல் வளைவை ஐந்து வருஷம் கழித்து மறுபடி பரிசீலிப்பார்கள். அதுவரை பொதுவான எச்சரிக்கையாக, வளைவில் பிடிக்கும் மீனைக் குறைவாக உண்ணும்படி ஒரு பலகை வைப்பார்கள்.

குறைவாக. விஷத்தைக் குறைவாக.

பலகையும் வைத்துவிட்டார்கள். தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. ஆற்றைப் பார்த்து நிற்கிறது, மீன்கள் படிக்கட்டும் என்று.

நவம்பர் 2

கிர்பி கூப்பிட்டான். மில் வாசலில் அள்ளுகிற சேற்றைப் பெரிய மிதவைகளில் ஏற்றிக் கீழே கொண்டு போக ஆரம்பித்துவிட்டார்கள். வளைவுக்குப் பக்கத்தில் ஓட்டம் மோசமாக இருக்கிறதாம், மிதவை இழுக்கிற படகுக்கு வழிகாட்ட ஆள் வேண்டுமாம். உங்களை விட்டால் ஆள் இல்லை கேப்டன் என்றான்.

“அந்த ஓட்டத்துல என்னால முடியாது கிர்பி” என்றேன்.

“நீங்கதானே ஜூன்ல—”

“முடியாது.”

வைத்துவிட்டேன். எவ்வளவு சின்ன வார்த்தை.

நவம்பர் 13, வெள்ளி

அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். ரஸ், அவன் மனைவி, பெண்கள் இரண்டு பேர். போனேன்.

சமையலறைக் குப்பையில் சூப்பர்மார்க்கெட் பைகள், உறைந்த மீன் படம் போட்டவை. கடல் மீன். அக்கா அதை வழக்கம்போல மாவில் தோய்த்து வழக்கம்போலப் பொரித்தாள். தட்டில் எல்லாத் துண்டும் செங்கல் மாதிரி ஒரே அளவு. ரஸ் முள்கரண்டியால் ஒன்றைப் புரட்டிப் பார்த்தான்.

“ஏன் வெர்னா அத்த, கொல்லைலயே ஆறு ஓடுது, காசு குடுத்தா வாங்குனீங்க?”

“ஒரு மாசமா அங்க தூண்டில் போடல” என்றாள் அக்கா. “இனிமேயும் போட மாட்டேன். நீயும் போடாத.”

அவன் சிரிக்க ஆரம்பித்தான். அவளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தான். எல்லாரும்தான் காத்திருந்தார்கள். சின்னவள் ஒரு துண்டைக் கையில் எடுத்தவள் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா சொல்றது சரி” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ரஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தான். பிறகு மெதுவாக, தன் பெண்களைப் பார்க்காமல், “அந்தச் சேறு எவ்வளவு நாளா இப்படி மாமா?” என்று கேட்டான்.

ஜன்னலுக்கு வெளியே, இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், மில் வாசல் சேற்றை ஏற்றிக்கொண்டு ஒரு மிதவை போனது. அதன் அலை வளைவுக்குள் வந்து படித்துறையில் மோதியது. தண்ணீர் கறுத்தது. நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். தெளிய நேரமாயிற்று.